சத்தம் போடாத எஞ்சின்

1

என்னுடைய வேலை சந்தேகப்படுவது. ஜேர்மனியின் தெற்கில் ஒரு சிறிய நகரத்தில், எண்ணெய்களைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். எஞ்சின் எண்ணெயோடு கலக்கும் மருந்து ஒன்றை யாராவது கொண்டுவருவார்கள். இதைப் போட்டால் உராய்வு குறையும், தேய்மானம் நிற்கும் என்பார்கள். நாங்கள் நம்பமாட்டோம். உலோக வட்டு ஒன்றைச் சுழலவிட்டு, அதன்மேல் ஒரு சிறு குண்டை அழுத்திப் பிடித்து, சூடாக்கிய எண்ணெய்க்குள் மணிக்கணக்காக உரசவிடுவோம். கணினித் திரையில் உராய்வு ஒரு கோடாக ஓடும். கோடு கீழே இறங்கினால் கொண்டுவந்தவர் சிரிப்பார். நாங்கள் வட்டைக் கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்போம்.

இந்தப் புத்தி எனக்கு ஆய்வுகூடத்தில் வந்ததல்ல. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக் குருநகரில் வளர்ந்தபோது ஆமிக்காரர் வீதிக்கு வீதி மறித்து, நீ சொல்லும் ஆள் நீதானா என்று கேட்டார்கள். இங்கே வந்த பிறகு அதையே கதிரையில் இருத்திவைத்து, மரியாதையாகக் கேட்டார்கள். குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களிடம் இல்லை என்பதை எந்த அலுவலகமும் நம்பவில்லை. கடைசியில் அப்பாவின் பெயரையே என் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். "திருமதி மரியதாஸ்" என்று யாராவது கூப்பிட்டால், செத்துப்போன அப்பா பின்னால் வந்து நிற்கிறாரோ என்று இப்போதும் ஒருகணம் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை ரெலிபோன் எடுத்தார். அவர் குருநகரில்தான் இருக்கிறார், கடல் தொழில்.

"பிள்ளை, இஞ்சை கேள்" என்றார். கேட்டேன். காற்றின் இரைச்சலும் காகமும், அவற்றுக்குப் பின்னால் ஒரு மெல்லிய உறுமலும்தான் கேட்டன.

"என்ன கேக்கிறது அண்ணை? ஒண்டும் பெரிசாக் கேக்கேல்லை."

"அதுதான்! எஞ்சின் ஓடிக்கொண்டு நிக்குது. போனை அதுக்குக் கிட்டத்தான் பிடிச்சிருக்கிறன். சத்தம் பாதியாக் குறைஞ்சுபோச்சு. றெஜி தந்த மருந்து. ஒரு சின்னப் போத்தில், எண்ணெயோடை கலந்து ஊத்தினால் காணும்."

றெஜி என்பது அண்ணையின் மகள் டிலானியைக் கட்டப்போகிற பொடியன். கடற்கரைப் பக்கம் எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கிறான். ஆவணியில் கலியாணம். அவனை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். படத்தில் தலையை நன்றாக வாரியிருந்தான். அவனைச் சந்தேகிக்க எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

2

அண்ணையின் எஞ்சின் புதியது. போன வருடம் வாங்கி, சுவாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து, மாலை போட்டுத்தான் வள்ளத்தில் பூட்டினார். அவரும் இரண்டு பேரும் மண்டைதீவைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போகிறவர்கள். அங்கே எஞ்சின் நின்றால் நீரோட்டம் வள்ளத்தைத் தன் இஷ்டத்துக்குக் கொண்டுபோகும். அதிர்ஷ்டம் இருந்தால் மற்ற நாட்டுக் கடலுக்குள் போய்ப் பிடிபட்டு, மறியல் சிறையில் இருக்கலாம். இல்லாவிட்டால் அதுவும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் அப்படிப் போய் வராதவர்களுக்காகப் பூசை கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன.

ஆகவே போத்திலின் படத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். லேபலில் ஒரு கழுகு, ஒரு நெருப்பு, அதன் கீழே ஜேர்மன் தொழில்நுட்பம் என்று ஆங்கிலத்தில். ஜேர்மனியில் எண்ணெய்க்குள்ளேயே சீவிக்கிறவள் நான். இந்தக் கழுகை எங்கேயும் கண்டதில்லை.

"அண்ணை, உது கள்ளச் சாமான் போலை கிடக்கு. எஞ்சினுக்குள்ளை கிடக்கிற எண்ணெயிலை கொஞ்சம் எடுத்து அனுப்புங்கோ. நான் பாத்துச் சொல்லுறன்."

"உனக்கு உங்கை வேறை வேலை இல்லையோ?"

"இதுதான் அண்ணை என்ரை வேலை."

அவருக்கு அது பிடிக்கவில்லை. மருமகனாக வரப்போகிறவன் தந்ததைத் தங்கச்சி சோதிப்பது என்றால், சம்பந்தத்தையே சோதிப்பது மாதிரி. ஆனாலும் அனுப்பினார். இங்கே எங்கள் நகரத்தில் இருக்கும் நீர்வேலிக்காரர் இராசநாயகம் அண்ணை ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறார் என்று கேள்விப்பட்டு, அவர் கையில் நெல்லி கிறஷ் குளிர்பானப் போத்தில் ஒன்றில் அடைத்து, பொலித்தீன் பையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார். கூடவே அண்ணி தந்த கூனி இறாலும் மிளகாய்த்தூளும் வந்தன.

"விமான நிலையத்திலை மறிச்சுப்போட்டாங்கள் பிள்ளை" என்றார் இராசநாயகம் அண்ணை, போத்திலைத் தரும்போது. "என்னெண்டு கேட்டவன். எனக்கு வேறை சொல்லு வரேல்லை, குடிக்கிற சாமான் எண்டு சொல்லிப்போட்டன். நல்லகாலம், குடிச்சுக் காட்டு எண்டு சொல்லேல்லை."

போத்திலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது தேன் நிறத்தில் மினுங்கியது.

3

ஆய்வுகூடத்துக்குள் ஒரு துளி எண்ணெய் நுழைவதென்றால், நான் அகதியாக இந்த நாட்டுக்குள் நுழைந்ததைவிடச் சிக்கல். எங்கே இருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது, தோலில் பட்டால் என்ன செய்யும் என்று எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். நான் அவசரத்தில், ஊரில் சொல்வது போலவே, எஞ்சின் மருந்து என்று ஜேர்மன் மொழியில் எழுதிக் கொடுத்தேன். பொறுப்பதிகாரி வோல்ஃப் என்னைக் கூப்பிட்டார்.

"மருந்து என்றால் வைத்தியசாலைக்கு அல்லவா போகவேண்டும், திருமதி மரியதாஸ்?"

விளக்கினேன். அண்ணை, கடல், புது எஞ்சின் எல்லாவற்றையும் சொன்னேன். வோல்ஃப் சட்டம் பார்க்கிற மனுசன்தான். ஆனால் ஏரியில் சிறு படகு வைத்திருக்கிறார். சனிக்கிழமை இயந்திரம் சும்மாதான் நிற்கும், பயிற்சி என்று போட்டுக்கொள், ஆனால் சாதாரண உருக்கு வட்டுகளை மட்டும் பயன்படுத்து என்றார். பூச்சு பூசிய வட்டுகள் வாடிக்கையாளர்களுடையவை. அவை பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும்.

சனிக்கிழமை மகள் மிஷேலையும் கூப்பிட்டேன். "அம்மா, நான் வரவில்லை" என்று ஜேர்மனில் சொன்னாள். பதினேழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். இப்போதெல்லாம் எங்களுக்குள் சண்டையே வருவதில்லை. நான் சொல்வதற்கெல்லாம் சரி என்கிறாள், பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். சண்டை பிடித்த காலத்தில் அவள் மனதில் என்ன இருக்கிறது என்றாவது தெரிந்தது.

வெறும் உருக்கு வட்டில் அண்ணையின் எண்ணெயை ஊற்றி ஓட்டினேன். கோடு மளமளவென்று இறங்கியது. இறங்கி, அப்படியே படுத்துக்கொண்டது. வட்டைக் கழுவிப் பார்த்தால் தேய்ந்த தடம் கண்ணுக்கே தெரியவில்லை. மறுபடியும் ஓட்டினேன், அதே கோடு. எங்களிடம் வரும் பெரிய கம்பனிகளின் சாமான்கூட இவ்வளவு அழகாக ஓடாது.

வேறு யாராவது என்றால் சந்தோசப்பட்டிருப்பார்கள். நான் போத்திலைத் திரும்பவும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாதக்கணக்காகக் கடலில் ஓடிய எஞ்சினின் எண்ணெய் எப்படித் தேன் மாதிரி இருக்கும்? புகையும் கரியும் உப்பும் எங்கே போயின? யாரோ எஞ்சினுக்குள் இருந்த எண்ணெயை மறைத்துவிட்டு, நல்ல எண்ணெயை அனுப்பியிருக்கிறார்கள். யார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

4

அன்றைக்கே அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, அந்தப் போத்திலை அடைச்சு அனுப்பினது ஆர்?"

"ஏன்?"

"அது உங்கடை எஞ்சின் எண்ணெய் இல்லை. றெஜி மாத்திப்போட்டான். கள்ளச் சாமானை வித்துப்போட்டு, பிடிபடுவன் எண்டு தெரிஞ்சு நல்ல எண்ணெயை ஊத்தி அனுப்பியிருக்கிறான். இப்பிடியான ஒருத்தனுக்கு டிலானியைக் குடுக்கப்போறியளோ? நல்லா யோசியுங்கோ."

அந்தப் பக்கம் ஒரு கோப்பை மேசையில் இடிபட்டது. பிறகு ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. டிலானியின் குரல், "றெஜி, இருங்கோ, போகாதேங்கோ" என்றது. அண்ணை போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்திருக்கிறார். சனிக்கிழமை பின்னேரம், றெஜி அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"அவன் மாத்தேல்லை" என்றார் அண்ணை கடைசியில். "நான்தான் ஊத்தினனான்."

"என்னத்தை?"

"புது எண்ணெயை. புது எண்ணெயிலை மருந்தைக் கலந்து போத்திலை அடைச்சனான். எஞ்சினுக்குள்ளை கிடக்கிறது தார் மாதிரிக் கறுத்துக் கிடக்கு. அந்த ஊத்தையை எப்பிடி உங்கை அனுப்புறது? அதை உங்கை ஒரு வெள்ளைக்காரனும் பாப்பான்தானே. என்ன எஞ்சின் வைச்சிருக்கிறாங்கள் எண்டு நினைக்கமாட்டானோ? உன்ரை பேரும் எல்லோ கெட்டுப்போகும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எங்கள் ஆட்கள் அப்படித்தான். வெளிநாட்டுக்கு ஒரு சாமான் போகிறதென்றால் அதில் நல்லதைத்தான் வைப்பார்கள். அண்ணி கூனி இறாலைக்கூடத் தூசி தும்பு பார்த்துப் பொறுக்கி எடுத்துத்தான் அனுப்பியிருந்தாள். பரிசோதனைக்கு ஊத்தைதான் தேவை என்பது அண்ணையின் புத்தியில் ஏற இடமே இல்லை. நானும் அதைச் சொல்லவில்லை.

"அண்ணை, எனக்குக் கறுத்த எண்ணெய்தான் வேணும்" என்றேன்.

"உனக்கு ஒரு எண்ணெயும் வேண்டாம். வீட்டுக்கு வந்த பொடியனைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டாய். உங்கை போன ஆக்களுக்கு இஞ்சை இருக்கிற எல்லாரும் கள்ளர்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எடுத்த அழைப்புகளுக்கு அவர் பதில் சொல்லவில்லை.

மிஷேல் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். "ஏன் அம்மா அந்த ஆளிட்ட நேராக் கேக்கேல்ல?" என்றாள். தமிழில் கேட்டாள். அதனாலேயே நான் போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். கள்ளனிடம் போய் நீ கள்ளனா என்று கேட்பார்களா என்று பிறகு சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள்.

5

சில கிழமைகள் கழித்து, பாரிஸில் இருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று, ஊருக்குப் போய்வந்த கையோடு, எங்கள் ஜேர்மன் நகரத்தில் நடந்த கலியாணம் ஒன்றுக்கு வந்தது. அவர்கள் ஒரு பொதியைத் தந்தார்கள். உள்ளே பழைய சோடாப் போத்தில். மேலே துடைக்கக்கூட இல்லை, கையில் பிசுபிசுத்தது. உள்ளே இருந்தது தார்தான்.

அன்றைக்கே முன்பின் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு குரல் பதிவும் வந்தது. மெதுவாகப் பேசும் குரல்.

"அன்ரி, நான் றெஜி. மாமாவின்ரை எஞ்சினிலை எண்ணெய் மாத்தேக்கை, வடிச்ச உடனை நானே பிடிச்சு அடைச்சது இது. புது எண்ணெய்க்கு மருந்து விடேல்லை, நீங்கள் சொல்லும்வரைக்கும் பொறுப்பம் எண்டு நினைச்சனான். ஆனால் மாமா உங்களோடை உள்ள கோவத்திலை தானே எடுத்து, ஒண்டுக்கு ரெண்டு போத்திலா ஊத்திப்போட்டார். கெதியாப் பாத்துச் சொல்லுங்கோ."

அதை நான் நம்பினேனா? இல்லை. இதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். யாராவது தன் சாமானுக்கு எதிரான சாட்சியைத் தானே அடைத்து அனுப்புவார்களா?

எண்ணெயை வடிதாளில் ஊற்றி வடித்தேன். தாளில் கறுப்பாகப் பொடி தங்கியது. காந்தத்தைப் பிடித்தேன், பெரும்பாலும் ஒட்டவில்லை. அப்படியென்றால் அது உருக்கு தேய்ந்த தூள் அல்ல. நுணுக்குக்காட்டியின் கீழே பார்த்தபோது, மினுமினுக்கும் மெல்லிய கறுப்புச் செதில்கள் தெரிந்தன. போனில் அண்ணை முன்பு அனுப்பிய படங்களைத் தேடினேன்.

இந்தப் புது எஞ்சின்கள் சிலவற்றில், உள்ளே உரசும் பாகங்களுக்குக் கரியாலான ஒரு கறுப்புப் பூச்சு பூசுகிறார்கள். தலைமயிரைவிட மிக மெல்லியது, உருக்கைவிடக் கடினமானது. அண்ணை எஞ்சின் வாங்கியபோது அனுப்பிய விளம்பரத்தில் அதைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். நான் வாசித்தும் இருந்தேன். ஆனால் மருந்து பொய்யா என்று மட்டும் தேடிக்கொண்டிருந்ததால் அது என் நினைவுக்கே வரவில்லை.

வோல்ஃபிடம் ஓடினேன். அவர் செதில்களைப் பார்த்தார். அலுமாரியைத் திறந்து, ஓரத்தில் கீறல் விழுந்ததால் ஒதுக்கி வைத்திருந்த பூச்சு வட்டு ஒன்றைத் தந்தார். நெல்லி கிறஷ் போத்திலில் மிச்சம் இருந்த நல்ல எண்ணெயை ஊற்றி ஓட்டினோம். கோடு முன்னர் போலவே அழகாக இறங்கிப் படுத்தது. ஓடி முடியும்வரை ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. வட்டைக் கழுவிப் பார்த்தால், குண்டு ஓடிய தடத்தில் பூச்சு இல்லை. அடியில் இருந்த உருக்கு வெள்ளையாகத் தெரிந்தது.

மருந்து போலியில்லை. அதில் மொலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது என்று, எண்ணெயில் கலந்திருப்பதைக் காட்டும் மற்றக் கருவி சொன்னது. உருக்கோடு உருக்கு உரசும் இடத்தில் அருமையாக வேலை செய்கிற சாமான் அது. இந்தக் கரிப்பூச்சைக் கண்டால் மட்டும் அதைக் கரம்பித் தின்றுவிடும். தின்று முடித்த பிறகும் உராய்வு கூடாது, சத்தமும் வராது. அதனால் எஞ்சின்காரனுக்குத் தெரியாது. அண்ணை அதில் இரண்டு போத்தில் ஊற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறார்.

6

அண்ணைக்கு எடுத்தேன், எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். இங்கே மத்தியானம், அங்கே பின்னேரம், தொழிலுக்கு வெளிக்கிடும் நேரம். கடைசியில், வாழ்க்கையில் முதல்தடவையாக, றெஜிக்கு எடுத்தேன்.

"தம்பி, அண்ணை எங்கை?"

"இப்பதான் அன்ரி கடலுக்கு இறங்கிப் போகினம். என்ன?"

சொன்னேன். எனக்கே வாய் குழறியது. றெஜி குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்கு நிச்சயமோ என்று கேட்கவில்லை, எங்கள் கடைப் பேர் போகுமே என்றும் சொல்லவில்லை. "வையுங்கோ அன்ரி, நான் போறன்" என்றார்.

அதற்குப் பிறகு அவருடைய போன் வேலை செய்யவில்லை. நான் ஆய்வுகூடத்தில் ஒரே வட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. உண்மையிலேயே போனானா? அல்லது கடையைப் பூட்டிவிட்டு எங்காவது ஓடி ஒளித்துவிட்டானா? வட்டைக் கழுவியபடியே அதையும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது மிஷேல் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். என் போனைப் பார்த்தபடி இருந்தாள்.

கடைசியில் டிலானிதான் ரெலிபோன் எடுத்தாள். "மாமி, அப்பா வந்திட்டார்."

றெஜி யாரோ ஒருவரின் வள்ளத்தைக் கேட்டு வாங்கி, மண்டைதீவுக்கு அங்கால் போய்ப் பிடித்திருக்கிறார். அண்ணை திரும்ப மாட்டேன் என்று நின்றிருக்கிறார். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, தங்கச்சி கலியாணத்தைக் குழப்பப் பார்க்கிறாள், நீயும் அவளோடு சேர்ந்துவிட்டாய் என்று நடுக்கடலில் சத்தம் போட்டிருக்கிறார். றெஜி தான் வந்த வள்ளத்தின் கயிற்றை எடுத்து மாமாவின் வள்ளத்தில் கட்டிவிட்டார். அதை அறுப்பதற்கு அண்ணைக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை கரையில் வைத்து எஞ்சினைக் கழற்றினார்கள். சுற்றிவர ஆட்கள். கறுப்பாக இருக்கவேண்டிய பாகம் ஒன்று வெள்ளி மாதிரிப் பளிச்சென்று வெளியே வந்தது. அண்ணை அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "பாருங்கோடா, எவ்வளவு துப்பரவு!" என்றிருக்கிறார்.

"மாமா, உது மினுங்கக்கூடாது" என்று றெஜி சொன்னாராம். ஓரத்தில் பிளந்திருந்த இடத்தையும் காட்டினாராம். அதைப் பார்த்த பிறகு அண்ணை மணலில் குந்தி இருந்துவிட்டார். இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று கேட்டாராம். தெரியாது மாமா என்று பதில் வந்ததாம்.

இப்போது றெஜி குருநகரில் வீடு வீடாகப் போய், விற்ற போத்தில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார். பலர் கொடுக்க மறுக்கிறார்கள். விற்கும்போது நம்பி வாங்கியவர்கள், திரும்பக் கேட்கும்போதுதான் சந்தேகப்படுகிறார்கள். நல்ல சாமான், வேறு எங்கேயோ கூட விலைக்குக் கேட்டிருக்கிறார்கள், அதுதான் சேர்க்கிறான் என்று கரையில் கதையாம். பழைய எஞ்சின்காரர் சிலருக்கு அது ஒரு கேடும் செய்யாது என்று நான் சொன்னேன். "எது எந்த எஞ்சின் எண்டு நான் ஒவ்வொண்டாப் பிரிச்சு அறியுமட்டும் ஆரிட்டையும் இருக்கவேண்டாம் அன்ரி" என்றார். அண்ணை இன்னும் என்னோடு கதைக்கவில்லை. றெஜியோடு வீடு வீடாகப் போகிறவர் அவர்தான்.

போன ஞாயிறு றெஜியிடம், என் தொழிலில் கேட்கிற மாதிரியே ஒரு கேள்வி கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

"தம்பி, அந்தக் கறுத்த எண்ணெயை நீர் அனுப்பேக்கை, நான் உம்மைக் கள்ளன் எண்டு சொன்னதைக் காதாலை கேட்டனீர். அதுக்குள்ளை உமக்கு எதிரா என்ன கிடக்கும் எண்டு தெரிஞ்சோ அனுப்பினனீர்?"

அந்தப் பக்கம் போத்தில்களை அடுக்கும் சத்தம் கேட்டது. நான் வழக்கம்போல, என்ன கதை கட்டப்போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"தெரியாது அன்ரி" என்றார். "தெரியாததாலைதான் அனுப்பினனான்."